பழைய மென்பொருளும் புதிய விண்டோஸும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. அன்றிலிருந்து கிளிநொச்சியில் என் திருத்தும் மேசைக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "விண்டோஸ் 11 போட்டாச்சு, பழைய சாமான் வேலை செய்யுதில்லை." மல்லாவியிலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் கொம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். அதில் பல வேலைகளை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். சில வேலைகளை விண்டோஸ் மாற்றுவதற்கு முதலே செய்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

விண்டோஸ் 11 போட்டால் பழைய மென்பொருள் எல்லாம் நின்றுவிடுமா?

இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள்களில் பெரும்பாலானவை ஓடும். அவை 32 பிட் மென்பொருள்கள் (16, 32, 64 என்று பிட் இலக்கம் கூடக் கூடப் புதிய தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்). 64 பிட் விண்டோஸுக்குள் அவற்றை ஓட்டுவதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. உங்கள் சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் என்ற பெயரில் இரண்டு போல்டர்கள் இருப்பது அதனால்தான்.

மூன்று வகை மட்டும் சிக்கல் தரும். முதலாவது, விண்டோஸுக்கு முந்திய டோஸ் காலத்துக்கும் விண்டோஸ் 3.1 காலத்துக்கும் உரிய 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸ் எதிலும் இது நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே இல்லை என்பதால் அந்தக் கதவு முழுதாக மூடிவிட்டது. இரண்டாவது, டிரைவர்கள், அதாவது பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்கள். மூன்றாவது, ஹார்ட் டிஸ்க்கையோ விண்டோஸின் உள்ளுறுப்புகளையோ தொடுகிற பராமரிப்பு மென்பொருள்கள். மூன்றாவதுதான் ஆபத்தானது. முதல் இரண்டும் ஓடாமல் நின்றுவிடும். மூன்றாவது ஓடிக்கொண்டே கெடுதல் செய்யும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மாறுவதற்கு முன்னர் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

பழைய கொம்பியூட்டர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அதிலுள்ள ஒவ்வொரு பழைய மென்பொருளையும் திறந்து, அது எந்த வகைப் பைலைச் சேமிக்கிறது, எங்கே சேமிக்கிறது என்று பாருங்கள். மென்பொருளைப் பிறகும் தேடிப் பிடிக்கலாம். உள்ளே நீங்கள் எழுதியதை வேறு யாரிடமும் வாங்க முடியாது.

"எங்கே சேமிக்கிறது" என்ற கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய மென்பொருள்கள் தங்கள் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட போல்டருக்குள்ளேயே எழுதப் பழகியவை. எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வந்த பிறகு புரோகிராம் பைல்ஸுக்குள் சாதாரணமாக எழுத விண்டோஸ் விடுவதில்லை. ஆனால் பழைய மென்பொருள் பிழை காட்டி நிற்கக்கூடாது என்பதற்காக, எழுதியது போலவே காட்டிவிட்டு, தரவை வேறோர் இடத்தில் வைக்கிறது. உங்கள் பயனர் போல்டருக்குள் அப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வேர்ச்சுவல்ஸ்டோர். அப்டேட்டா மறைக்கப்பட்ட போல்டர் என்பதால் கண்ணில் படாது.

ஒரு நெல் ஆலைக்காரர் தன் கணக்கு மென்பொருளின் போல்டரை முழுதாகப் பென்ட்ரைவில் எடுத்துவிட்டு, பழைய கொம்பியூட்டரை அழித்து விற்கக் கொடுத்திருந்தார். புதியதில் திறந்தபோது மென்பொருள் நன்றாக ஓடியது, ஆனால் நிறுவிய நாளின் வெறுமையான கணக்குப் புத்தகம்தான் வந்தது. ஆறு போகத்துக் கொள்வனவும் கடனும் வேர்ச்சுவல்ஸ்டோரில் இருந்து, டிஸ்க்கோடு அழிந்துபோயிருந்தன. நல்லவேளை, அவர் மனைவி கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார். இரண்டு பேரும் இரண்டு மாதம் இரவில் இருந்து திரும்பப் பதிந்தார்கள்.

ஆகவே போல்டரையும் எடுங்கள், வேர்ச்சுவல்ஸ்டோரையும் எடுங்கள், எழுத்துருக்கள் இருக்கும் விண்டோஸின் பொன்ட்ஸ் போல்டரையும் எடுங்கள். மென்பொருளின் சீரியல் இலக்கத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். இடமிருந்தால் முழு டிஸ்க்கையும் ஒரே பிரதியாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

இன்னொன்று: பழையதன் மேலேயே விண்டோஸ் 11 இற்குத் தரமுயர்த்தினால், பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியாகப் பழையதுக்குத் திரும்பலாம். டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டால் திரும்பும் வழி கிடையாது. கடையில் கொடுக்கும்போது எதைச் செய்யப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செட்டப் பைலை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது "இந்தக் கணினியில் ஓடாது" என்று வருகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தப் பைலின் மேல் வலது சொடுக்கி, புரொப்பர்ட்டீஸில் கொம்பட்டிபிலிட்டி என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே விண்டோஸ் எக்ஸ்பி சேர்விஸ் பேக் 3 அல்லது விண்டோஸ் 7 என்பதைத் தெரிந்து பாருங்கள். மென்பொருள் தன்னைப் பழைய விண்டோஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பதிப்பு இலக்கத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிற மென்பொருள்களுக்கு இதுவே போதும்.

"64 பிட் விண்டோஸோடு பொருந்தாது" என்ற கருத்தில் செய்தி வந்தால் அது 16 பிட். ஆனால் உடனே கைவிட வேண்டாம். 1990களின் பிற்பகுதியில் வந்த பலவற்றில் செட்டப் மட்டும் 16 பிட்டாகவும் உள்ளே இருக்கும் மென்பொருள் 32 பிட்டாகவும் இருக்கும். அப்படியென்றால் பழைய கொம்பியூட்டரில் நிறுவப்பட்டிருக்கும் போல்டரை அப்படியே கொண்டுவந்து வைத்தால் சிறிய மென்பொருள்கள் பல ஓடிவிடும். ஓடிவிடிஎம் என்றொரு இலவச மென்பொருளும் இருக்கிறது. 16 பிட் விண்டோஸ் மென்பொருள்களை 64 பிட் விண்டோஸில் ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்டது.

நிறுவும்போது புரோகிராம் பைல்ஸைத் தவிர்த்து, சி டிரைவில் நேரடியாக ஒரு போல்டர் செய்து அதற்குள் நிறுவுங்கள். மேலே சொன்ன வேர்ச்சுவல்ஸ்டோர் தொல்லை அப்போது வராது.

எல்லாரும் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தேன். ஓடியது, ஆனால் என் தரவைக் காணவில்லை!

காணாமல் போகவில்லை, பயப்படாதீர்கள். நிர்வாகி உரிமையோடு ஓடும்போது அந்த வேர்ச்சுவல்ஸ்டோர் மறைப்பு நீங்கிவிடும். மென்பொருள் உண்மையான போல்டரைப் பார்க்கிறது, அங்கே பழைய வெறுமையான பைல் இருக்கிறது. மென்பொருளை மூடுங்கள். அந்த வெறுமையான கணக்கில் ஒரு பதிவும் போடாதீர்கள். வேர்ச்சுவல்ஸ்டோரிலிருந்து தரவுப் பைலை எடுத்து உண்மையான போல்டருக்குள் வைத்த பிறகு திறவுங்கள்.

பேஜ்மேக்கர் விண்டோஸ் 11 இல் ஓடுமா?

வன்னியில் இதைக் கேட்காத அச்சக வேலைக்காரர் இல்லை. அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் 7.0 தான் கடைசிப் பதிப்பு, 2001 இல் வந்தது. அதற்குப் பிறகு அடோபி நிறுவனம் இன்டிசைன் என்ற தன் புதிய வடிவமைப்பு மென்பொருளின் பக்கம் போய்விட்டது. ஆனாலும் கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்வெட்டு எல்லாம் இன்னும் பல இடங்களில் பேஜ்மேக்கரில்தான் உருவாகின்றன. கை பழகியது, பழைய மாதிரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, பாமினி எழுத்துருவோடு ஒத்துப்போகிறது. நியாயமான காரணங்கள்தான்.

7.0 என்பது 32 பிட் மென்பொருள். விண்டோஸ் 11 இல் ஓட வைக்கலாம். சி டிரைவில் தனிப் போல்டரில் நிறுவி, எக்ஸ்பி பொருத்தமும் நிர்வாகி உரிமையும் கொடுத்தால் பெரும்பாலும் திறக்கும். எழுத்துகள் மங்கலாகவோ, மெனுக்கள் எறும்பளவாகவோ தெரிந்தால் அதே கொம்பட்டிபிலிட்டி பக்கத்தில் உயர் டிபிஐ அமைப்பை (திரையில் எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது) மாற்றுங்கள். அச்சிடும்போது அடிக்கடி மூடிக்கொண்டால், நேரே அச்சிடாமல் முதலில் பிடிஎஃப் ஆக்கி அதை அச்சிடுங்கள்.

ஆனால் ஓட வைக்கலாம் என்பதற்காக அப்படியே இருந்துவிட வேண்டாம் என்றுதான் என் எண்ணம். ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்போடும் அது நிற்கக்கூடும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அச்சகம் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் பழைய கல்வெட்டுப் பைல்களை எல்லாம் பெயர், ஊர், திகதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். கல்வெட்டு என்றால் தெரியும்தானே: ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அதில் அந்த மனிதர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே இடம்பெயர்ந்தார், யார் யார் பிள்ளைகள், அவர்கள் இப்போது எந்த நாட்டில் என்று எல்லாம் இருக்கும். ஆல்பங்களும் பதிவுகளும் 2009 இல் போன குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அப்படியான வீடொன்றுக்கு அந்த நாற்பது பக்கம்தான் குடும்ப வரலாறு. அது பேஜ்மேக்கர் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு பைலுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பேஜ்மேக்கர் ஓடுகிற கொம்பியூட்டர் கையிலிருக்கும்போதே ஒவ்வொரு பைலையும் பிடிஎஃப் ஆக்குங்கள், எழுத்துருவை உள்ளே பதித்து. ஒரு நாளைக்கு ஐந்து என்றாலும் போதும். திருத்த வேண்டிய மாதிரிகளை இன்டிசைனின் பழைய சிஎஸ் பதிப்புகளில் திறக்கலாம். பேஜ்மேக்கர் 6.0 இலிருந்து 7.0 வரையான பைல்களை அவை மாற்றித் தரும். வரிகள் கொஞ்சம் நகரும், படங்களை மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். பாமினி எழுத்து பாமினியாகவே வரும்.

விண்டோஸ் மாற்றிய பிறகு பழைய தமிழ்ப் பைல்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாக மாறிவிட்டன. பைல் பழுதா?

பழுதில்லை. பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

பாமினி, எல்லாக் கருவிகளும் தமிழை ஒரே மாதிரி அறியும் யுனிகோட் முறை அல்ல. அதில் தட்டச்சுச் செய்யும்போது பைலுக்குள் சேமிக்கப்படுபவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. 'தமிழ்' என்ற சொல்லே பைலுக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது எழுத்துரு போய்விட்டது, உள்ளே இருந்தது அப்படியே தெரிகிறது. பாமினி எழுத்துருப் பைலை எடுத்து, வலது சொடுக்கி, இன்ஸ்டோல் கொடுங்கள். விண்டோஸ் 11 அதை மறுப்பதில்லை. எல்லாம் திரும்பி வந்துவிடும்.

அத்தோடு நிறுத்தாமல் முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பாமினியில் இருக்கும் பெயரைத் தேட முடியாது, தொலைபேசியில் வாசிக்க முடியாது, மின்னஞ்சலில் அனுப்பினால் மற்றவருக்குக் குப்பையாகத் தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், ஆலய நன்கொடைப் பட்டியல், பாடசாலைப் பழைய மாணவர் பெயர்கள் போன்றவை தேடப்பட வேண்டியவை.

மாற்றுவதற்கு என்எச்எம் கொன்வேர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. இணையப் பக்கங்களும் பல உண்டு, ஆனால் மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் உள்ள பைல்களை இணையப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், கொம்பியூட்டருக்குள்ளேயே மாற்றுங்கள். மாற்றிய பிறகு வாசித்துப் பாருங்கள். இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழாக்கிவிடும். காற்புள்ளி, அடைப்புக்குறி, ஸ்ரீ, க்ஷ ஆகியவை இடம் மாறியிருக்கும். பழைய பைலை அழிக்க வேண்டாம்.

என் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் சில இடங்களில் எழுதுகிறது, சில இடங்களில் எழுதவில்லை. ஏன்?

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், கீமேன் போன்றவை நீங்கள் அழுத்தும் விசையை இடையில் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. விஸ்டாவிலிருந்து ஒரு பாதுகாப்பு விதி உண்டு: சாதாரண உரிமையோடு ஓடும் மென்பொருள், நிர்வாகி உரிமையோடு ஓடும் ஜன்னலுக்குள் விசைகளை அனுப்ப முடியாது. மேலே பேஜ்மேக்கரை நிர்வாகியாக ஓட்டச் சொன்னேன் அல்லவா? அப்படி ஓட்டினால் தட்டச்சு மென்பொருளையும் நிர்வாகியாகவே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலம்தான் விழும். இதைத் தெரியாமல் கீபோர்ட் பழுதென்று புதிய கீபோர்ட் வாங்கியவர்களும் உண்டு.

தட்டச்சுக்காக இனிமேல் பழைய பதிப்புகளைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கீமேன் இப்போது இலவசம், புதுப்பிக்கப்பட்டும் வருகிறது. விண்டோஸ் 10 இன் 2019 மே புதுப்பிப்பிலிருந்து ஒலிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பாமினி விசை அமைப்பில் பழகிய விரல்களை மாற்ற முடியாதவர்கள், அதே அமைப்பில் யுனிகோட் எழுதும் வசதி இ-கலப்பையில் இருக்கிறது, அதை எடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புது அமைப்புப் பழகச் சொல்லி ஒரு தட்டச்சாளரை வதைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டிஸ்க் சுத்தம் செய்கிற, பிரிக்கிற, வேகமாக்குகிற பழைய கருவிகள் ஒரு சீடி நிறைய இருக்கின்றன. அவற்றைப் போடலாமா?

போடாதீர்கள். இதில் மட்டும் நான் கடுமையாகத்தான் சொல்வேன்.

ஒரு கலியாணக் கார்ட் மென்பொருள் பழசென்றால் கார்ட் பிழைக்கும். டிஸ்க்கைத் தொடும் மென்பொருள் பழசென்றால் டிஸ்க்கிலுள்ள எல்லாமே போகும். எக்ஸ்பி காலத்துப் பகுதி பிரிக்கும் கருவிகள் எம்பிஆர் என்ற பழைய முறையை மட்டும் அறிந்தவை. விண்டோஸ் 11 கொம்பியூட்டர்களின் டிஸ்க் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். பழைய கருவி அதைப் பார்த்துவிட்டு "பகுதி அட்டவணை பிழை, திருத்தவா?" என்ற மாதிரிக் கேட்கும். நீங்கள் நல்லெண்ணத்தோடு ஆம் என்பீர்கள்.

சிதறிய பைல்களை ஒன்றாகச் சேர்க்கும் டீபிராக் கருவிகளும் அப்படியே. அவை சுழலும் டிஸ்க்குக்காக எழுதப்பட்டவை. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் பைல் சிதறிக் கிடப்பதால் வேகம் குறைவதில்லை, வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும். விண்டோஸுக்குள் இருக்கும் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற கருவி, அது எஸ்எஸ்டியா சுழலும் டிஸ்க்கா என்று அறிந்து அதற்கேற்ப வேலை செய்யும். அது கிழமைக்கொருமுறை தானாகவே ஓடும். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) சுத்தம் செய்யும் கருவிகள் புதிய விண்டோஸுக்குத் தேவையான பதிவுகளையே குப்பை என்று நினைத்து அழிக்கும். பழைய வைரஸ் தடுப்பு மென்பொருளையும் தரமுயர்த்துவதற்கு முதலே நீக்கிவிடுங்கள், விண்டோஸ் 11 உடன் வரும் டிஃபெண்டர் வீட்டுப் பாவனைக்குப் போதும்.

சுருக்கக் கருவிகளில் ஒரு எச்சரிக்கை. வின்ரார் பழைய பதிப்பு எல்லாரிடமும் இருக்கிறது, நன்றாக ஓடவும் செய்கிறது. ஆனால் 2019 இல் அதில் 19 ஆண்டுகளாக இருந்த ஒரு ஓட்டை வெளிவந்தது. ஒரு சுருக்கப் பைலைப் பிரித்தாலே வேறொரு மென்பொருள் கொம்பியூட்டருக்குள் குடியேறக்கூடிய ஓட்டை. 5.70 பதிப்பில் அதை மூடினார்கள். 2025 இலும் இன்னொன்று வந்து 7.13 இல் மூடப்பட்டது. ஆகவே புதியதைப் போடுங்கள், அல்லது அதை நீக்கிவிடுங்கள். புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11 ரார் பைல்களைத் தானே திறக்கும்.

படம் பார்க்கும் இர்பான்வியூ போன்ற சிறிய கருவிகள் இன்னும் உயிரோடு புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றின் புதிய பதிப்பை எடுத்தால் பழகிய மெனுவே கிடைக்கும்.

கூட்டுறவுக் கடையின் கணக்கு இன்னும் டோஸ் மென்பொருளில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

டோஸ் மென்பொருளை விண்டோஸுக்குள் ஓட்டும் டோஸ்பொக்ஸ் பலருக்கும் தெரியும், ஆனால் அது விளையாட்டுகளுக்காக உருவானது. கணக்கு வேலைக்கு விடோஸ் என்ற மென்பொருள் பொருத்தம்: விண்டோஸில் இணைத்திருக்கும் சாதாரண பிரிண்டரிலேயே அச்சிடும், ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒரே பைலைத் திறக்கும்போது பூட்டும் முறையையும் மதிக்கும். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யூஎஸ்பி வயரால் இணைத்தவர்களுக்கு டோஸ் தேடும் எல்பிடி1 (பழைய பிரிண்டர் இணைப்பின் பெயர்) அங்கே இருக்காது. பிரிண்டரைப் பகிர்ந்து, அந்தப் பகிர்வை எல்பிடி1 என்ற பெயரில் இணைக்க வேண்டும்.

தரவுப் பைல்கள் டிபிஎஃப் வகையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பொக்ஸ்புரோ, டிபேஸ், கிளிப்பர் எல்லாம் இந்த வகைதான். லிப்ரே ஒபிஸ் கல்க்கிலோ எக்ஸெலிலோ நேரே திறக்கும். ஒரு பிரதி எடுத்துத் திறந்து பாருங்கள், பத்து வருடக் கணக்கும் நிரல் நிரலாக வந்து நிற்கும்.

மென்பொருள் திறக்கும்போது டொட் நெட் 3.5 வேண்டும் என்கிறது. டேட்டா போதவில்லை.

டொட் நெட் என்பது சில மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான விண்டோஸின் துணைப் பகுதி. பதிவிறக்கத் தேவையில்லை. உங்கள் விண்டோஸ் பதிப்பின் நிறுவல் பென்ட்ரைவ் இருந்தால் அதற்குள் சோர்சஸ் போல்டரில், எஸ்எக்ஸ்எஸ் என்ற போல்டருக்குள் அது இருக்கிறது. டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளையால் அங்கிருந்தே நிறுவலாம். சிக்னல் ஒரு கோடு வருகிற வீடுகளில் இரவெல்லாம் காத்திருந்து பாதியில் அறுந்துபோவதைவிட இது ஐந்து நிமிட வேலை. கடைக்கு வந்தால் இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

"339" என்று ஒரு பிழை வருகிறது.

விசுவல் பேசிக் 6 இல் எழுதிய மென்பொருள். அதற்குத் துணையான ஓசிஎக்ஸ் பைல் ஒன்று விண்டோஸில் பதியப்படவில்லை என்று அர்த்தம், எது என்று செய்தியிலேயே பெயர் இருக்கும். பழைய கொம்பியூட்டரின் சிஸ்டம்32 போல்டரிலிருந்து அதை எடுத்து, 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 போல்டருக்குள் வைத்து, அங்கிருக்கும் ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளையால் நிர்வாகியாகப் பதியுங்கள். இணையத்தில் தனியாகக் கிடைக்கும் ஓசிஎக்ஸ், டிஎல்எல் பைல்களை நம்ப வேண்டாம்.

பழைய ஸ்கேனருக்கு டிரைவர் இல்லை. தூக்கி எறிவதா?

64 பிட் விண்டோஸுக்கு டிரைவரும் 64 பிட்டாக, டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். 32 பிட் டிரைவர் எந்த வித்தையிலும் ஓடாது. சிலர் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பை நிறுத்திவிட்டுப் பழைய டிரைவரைப் போடச் சொல்வார்கள். ஒரு ஸ்கேனருக்காக வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது அது. அதைவிட, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென்ட்ரைவிலிருந்து இயக்கி ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். விண்டோஸ் கைவிட்ட பல ஸ்கேனர்களை லினக்ஸ் இன்னும் அறியும்.

என் கொம்பியூட்டர் விண்டோஸ் 11 இற்குத் தகுதியில்லையாம். வேறு வழி?

டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் (இரண்டும் கொம்பியூட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள்), 4 ஜிபி ராம், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் எல்லாம் கேட்கிறது. இல்லாதவர்கள் அவசரப்பட்டுக் கடன்பட வேண்டாம். விண்டோஸ் 10 இற்கான நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் வரும். வங்கி வேலை, இணையம் எல்லாவற்றையும் தொலைபேசிக்கு மாற்றிவிட்டு, பழைய கொம்பியூட்டரை வயர் கழற்றி, இணையம் இல்லாமல், பழைய மென்பொருளுக்காக மட்டும் வைத்திருப்பதும் நல்ல வழிதான். அதில் செருகும் பென்ட்ரைவை வேறெங்கும் செருகாதீர்கள்.

புதிய கொம்பியூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால், கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரை உருவாக்கும் வேர்ச்சுவல்பொக்ஸைப் போட்டு அதற்குள் உங்களிடம் உரிமம் உள்ள எக்ஸ்பியை நிறுவலாம். அதற்கு 512 எம்பி ராம் போதும். வலையமைப்பை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பேஜ்மேக்கர், டோஸ் மென்பொருள், பழைய அகராதி எல்லாம் அதற்குள் நிம்மதியாக இருக்கும். அந்த முழு எக்ஸ்பியும் ஒரே பைலாக இருப்பதால் பிரதி எடுப்பதும் சுலபம். உள்ளே இருக்கிற கொம்பியூட்டர் பழுதாவதில்லை, மின்னல் அடிப்பதில்லை.

மின்னல் என்றதும் ஞாபகம் வருகிறது: ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரின் வயரையும் கழற்றுங்கள். நான் திருத்திய மதர்போர்ட்களில் நிறைய ரவுட்டர் வயர் வழியாகத்தான் போனவை.

2002 இலிருந்து 2006 வரையான காலத்துக் கலியாணச் சீடிகள் இருக்கின்றன. புது லப்டொப்பில் எப்படிப் பார்ப்பது?

ஏ9 பாதை திறந்திருந்த அந்த நாட்களில் எடுத்த கலியாண வீடியோக்கள் பெரும்பாலும் விசிடியாகத்தான் கொடுக்கப்பட்டன. புது லப்டொப்பில் சீடி டிரைவ் இல்லை. யூஎஸ்பியால் இணைக்கும் வெளி டிரைவ் ஒன்று போதும், ஒருநாளைக்கு இரவல் வாங்கினாலும் சரி. சீடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் டாட் பைல்கள் இருக்கும். அந்தக் காலத்துப் பிளேயர் மென்பொருள் தேவையில்லை, விஎல்சி அவற்றை ஓட்டும்.

பொலித்தீனில் சுற்றி மண்ணுக்குள் இருந்து எடுத்த சீடிகளையும் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படியானதை உடனே டிரைவில் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பற்பசை பூசித் தேய்க்கவும் வேண்டாம். ஓட்டிப் பார்ப்பதற்கு முதல் பிரதி எடுங்கள். சில சீடிகள் ஒருமுறைதான் வாசிக்கும். பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் போடுங்கள், ஒன்று வாசிக்காததை மற்றொன்று வாசிக்கும். அதிலும் நின்றால், விசிடியாக இல்லாமல் பைல்கள் பதிந்த சாதாரணத் தரவுச் சீடியென்றால், லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி பழுதான இடங்களைத் தாண்டிப் போய், மிச்சத்தை முதலில் காப்பாற்றிவிட்டு, பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களை முயன்று பார்க்கும். ஒரு சீடிக்கு ஓரிரவு எடுத்தாலும் எடுக்கட்டும்.

எடுத்ததில் ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்து முகம் தெரியாமல் போகிற இடங்களிலும் ஒலி பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டாம். தருமபுரத்திலிருந்து வந்த ஒரு அக்கா, தாலி கட்டும் காட்சி முழுதும் பச்சைச் சதுரங்களாக ஓடியபோது, "கூறை எங்கே, கூறையைக் கொண்டு வாங்கோ" என்று பின்னாலிருந்து கேட்ட குரலை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அவருடைய அம்மாவின் குரலாம். அந்த ஒலியை மட்டும் பிரித்து அவர் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தேன். விஎல்சியிலேயே கொன்வேர்ட் மெனுவில் எம்பி3 என்று தெரிந்தால் அது வந்துவிடும்.